மழை டயருக்குப் பூசிய கறுப்பு

மழை டயர்கள் இரண்டும் எங்கள் வீட்டு நடைவழியில், மகளின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து நின்றன. கணவர் தன் பந்தய மோட்டார் சைக்கிளுக்கென்று அவற்றை இன்னொரு சோடி றிம்மில் பூட்டியே வைத்திருந்தார். பந்தயத் தடத்தில் மழை வந்தால் டயரைக் கழற்றிப் பூட்ட நேரமிருக்காது, சில்லையே மாற்றிவிடலாம் என்பார். ஆழமான வெட்டுகளோடு மெதுமெதுவென்று இருக்கும் டயர்கள் அவை. நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அவர் எப்போதும் ஓடும் வெயில் டயரில் ஒரு கோடுகூட இராது. உம்மா அதை முதன்முறை கண்டபோது, “ஊரெல்லாம் தேஞ்ச டயரக் கழட்டி எறியிறாங்க. மொட்டை டயரக் கடைக்குப் போய் வாங்கிட்டு வாற ஆள நான் இஞ்சதான் பாக்கிறன்” என்றார். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் அவருடைய மோட்டார் சைக்கிளும், டயர்களும், கிறீஸ் மணமும் எல்லாம் என் உம்மாவின் வளவுக்குள்தான். வார நாள்களில் அவர் ஒரு காரியாலயத்தில் கணினி திருத்துகிறார். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கல்முனையிலிருந்து உள்நாட்டுப் பக்கம், கரும்புக் காணிகளுக்கு அப்பால் ஒருவர் தன் காணியில் போட்டிருக்கும் சின்னத் தார்த் தடத்துக்குப் போய் ஓடுவார். நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது அவருடைய சந்தோசத்துக்காகவா, சொன்னால் கேட்கமாட்டாரோ என்ற பயத்தினாலா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் என் தங்கைக்குப் பாலமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வீடு பார்ப்பது எங்களிடம் சின்னக் காரியமல்ல. பெண்ணுக்குக் கொடுக்கப்போகும் வீட்டைத்தான் அவர்கள் முதலில் எடைபோடுவார்கள். தங்கைக்குப் பக்கத்து வளவில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கட்டி முடியாத வீட்டைக் காட்டிவிட்டு எங்கள் வீட்டில்தான் அவர்களை இருத்த வேண்டும்.

“கதவுக்குப் பின்னாலயும் பாப்பாளுகள்” என்று உம்மா மூன்று நாள்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரைச்சீலை கழுவினோம். மின்விசிறி துடைத்தோம். மகளின் சைக்கிளைக்கூட நான் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அவர்கள் வரும் நாள் காலையில் பார்த்தால் நடைவழியில் அந்த இரண்டு டயர்களும் சாம்பல் பூத்து, தூசி அப்பி நின்றன. கணவர் வேலைக்குப் போயிருந்தார். தூக்கி ஒளிக்கலாமென்றால் எல்லா அறையும் அவர்கள் பார்க்கப்போகிற அறை.

வாப்பாவின் வேன் டயர்களுக்குப் பூசும் கறுப்புப் போத்தல் குசினி அலுமாரிக்கு மேலே இருந்தது. கல்யாண ஓட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வாப்பா அதைத்தான் பூசுவார். பழந்துணியில் ஊற்றி இரண்டு டயர்களையும் சுற்றிச் சுற்றிப் பூசினேன். வெட்டுகளுக்குள் துணி போகவில்லை. மகளின் பழைய பல்துலக்கியை எடுத்து அதற்குள்ளும் பூசினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அந்தக் குணம்தான் கெடுத்தது.

டயர்கள் பளபளத்தன. வந்த பெண்களில் மூத்தவர் நடைவழியில் நின்று, “இதென்னகா, புது டயரா?” என்று தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. இன்னொருவர், “பாத்துகா, அந்தக் கையால பொண்ணுட கன்னத்தத் தடவிராத” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது. அவர்கள் போன பிறகு நான் போத்தலை மூடி வைக்கப் போனேன். எதையாவது கையிலெடுத்தால் பின்பக்கத்தை வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வழக்கமாகப் பூசுவதற்கு முன் வாசிப்பேன், அன்றைக்குப் பின்னால் வாசித்தேன். கீழே சின்ன எழுத்தில், டயரின் ஓரச் சுவருக்கு மட்டும்தான், நிலத்தில் படும் பரப்பில் பூசக்கூடாது, மோட்டார் சைக்கிள்களுக்குப் பூசவே கூடாது என்றிருந்தது.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உராய்வுப் பாடத்தில், மேசை மேல் எண்ணெய் தடவி மரக்கட்டையை வழுக்கவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் கையில் வைத்திருந்தது அந்த எண்ணெயின் தம்பி.

அப்போதே கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போய் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பளபளப்புக் குறைந்தது. போய்விட்டதா என்று தெரியவில்லை. காயவைத்து, யூரியாப் பையில் போட்டுக் கட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பின்னேரம் அவர் வந்ததும் சொல்வோம் என்றிருந்தேன். அவர் வந்தபோது சம்பந்தக் கதையே வீடு முழுக்க ஓடியது. அடுத்த நாள் மகளுக்குக் காய்ச்சல். மறுநாள் அவர் தன் கூட்டாளியிடம் தொலைபேசியில், “எனக்கென்ன, வீட்டில சயன்ஸ் டீச்சர் இரிக்கா” என்று பெருமையடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அதற்குப் பிறகு வாய் வரவில்லை. மழையில் ஓடினால்தானே அந்த டயர் வேண்டும், அவர் மழையில் ஓடியதே ஒரு தடவைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துச் சுற்றுப் போட்டி இருப்பதாகச் சொன்னார். அது மாரி தொடங்க வேண்டிய நேரம். ஆனால் அந்த முறை மழை பிந்திவிட்டது. வட்டையில் விதைத்த நெல் இரண்டு இலையோடு மழை பார்த்து நின்றது. வாப்பா ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் மழைக்குத் துஆக் கேட்டார். ஜும்ஆவிலும் கேட்டார்கள். ஊரே மழை கேட்ட அந்தக் கிழமையில் நான் மட்டும் முசல்லா விரிப்பில் உட்கார்ந்து, ஞாயிறு வரைக்கும் பெய்யக்கூடாது என்று கேட்டேன். கேட்டுவிட்டு அதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

நான் வழக்கமாகத் தடத்துக்குப் போவதில்லை. இந்த முறை வருகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாருங்க மகள், உம்மாவும் வாறாவாம்” என்று பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார். அவர் சந்தோசப்படச் சந்தோசப்பட எனக்கு உள்ளே கனத்தது.

வாப்பாவின் வேனில் பின்னிருக்கைகளைக் கழற்றி மோட்டார் சைக்கிளை ஏற்றினோம். வெயில் டயர்கள் அதில் பூட்டியிருந்தன. யூரியாப் பை பக்கத்தில் கிடந்தது. முன்னால் கணவரும் அவருடைய மெக்கானிக்கும் இருந்தார்கள். அவர் எங்கள் ஊரில் கராஜ் வைத்திருப்பவர். எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான், மூத்த அண்ணன்போல; நான் அவருக்குத் தங்கச்சி. வழி நெடுக அவரும் கணவரும் காற்று அளவைப் பற்றியே கதைத்தார்கள். வானம் வெளுத்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேனோ.

காலைப் பழகும் ஓட்டம் நல்ல வெயிலில் நடந்தது. அவர் வளைவில் முழங்கால் நிலத்தில் படுமளவு சாய்ந்தார். மகள் கைதட்டினாள். ளுஹர் தொழுதுவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது கிழக்கே, எங்கள் கடற்பக்கமிருந்து, இருட்டு ஏறி வந்தது. முதலில் மண் மணந்தது. பிறகு பொட்டுப் பொட்டாகத் துளிகள் தாரில் விழுந்தன.

கூடாரங்களுக்குள் எல்லோரும் ஓடினார்கள். ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரே கதைதான், எந்த டயர்? காக்கா வெளியே கை நீட்டிப் பார்த்தார். கணவர் மேற்குப் பக்கத்தைக் காட்டினார்.

“அங்கால வெளிச்சிட்டு காக்கா. வெயில் டயரிலயே போவமா? தடம் காஞ்சிட்டெண்டா மழை டயர் ரெண்டு சுத்தில உருகிப் பிஞ்சிரும்.”

“காயாட்டி?”

“காயாட்டி வழுக்கும்.”

“வழுக்கினா வீட்ட ஆரு பதில் சொல்ற? நானா?”

நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் என் மனத்தில் வந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வெயில் டயரிலேயே போகட்டும் என்று நினைத்தேன். போனால் நான் எதையும் சொல்லத் தேவையில்லை. ஈரத் தாரில் கோடில்லாத டயர் தண்ணீர் மேல் மிதக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே, என் தப்பு வெளியே வராமல் இருப்பதற்காக அவர் அதில் போகட்டும் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நின்றாள். ஊட்ட மறந்துவிட்டேன்.

மழை வலுத்தது. கூரைச்சீலை தொங்கி, ஓரத்தால் தண்ணீர் ஊற்றியது. “இனிக் கதையில்ல. மழை டயர்தான்” என்றார் காக்கா. யூரியாப் பையை அவிழ்த்தார். முன்சில்லை வெளியே எடுத்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

“நல்ல மெது. கறுகறுவெண்டு இரிக்கி. தங்கச்சி கழுவித்தான் வெச்சிரிக்கிறா.”

கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். காக்கா முன்சில்லைப் பூட்டி முடித்து, பின்சில்லுக்குக் கை வைத்தார்.

“இஞ்சப் பாருங்க” என்றேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

“என்ன புள்ள? குளிருதா?”

“அந்த டயருக்கு நான் கறுப்புப் பூசினன்.”

“எந்தக் கறுப்பு?”

“வாப்பாட வேனுக்குப் பூசுற கறுப்பு.”

காக்காவின் கை நின்றது. கணவர் கொஞ்சம் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “ஓரத்துக்கா? ஓடுற பக்கத்துக்கா?”

“முழுக்க. வெட்டுக்குள்ளயும்.”

“எப்ப?”

“பாலமுனையால வீடு பாக்க வந்த அண்டு.”

“அது அஞ்சு கிழமை.”

“ஓம்.”

“அஞ்சு கிழமையா என்ட பக்கத்திலதானே இரிந்த?”

நான் மூன்று தரம் கழுவியதைச் சொன்னேன். போத்தலில் வாசித்ததைச் சொன்னேன். காக்கா பின்சில்லைக் கீழே சாய்த்து வைத்தார். “மாப்பிள வீட்டாள் வந்தா பொண்ணத்தான் சோடிப்பாங்க. நீங்க டயரையும் சோடிச்சிரிக்கீங்க தங்கச்சி. இந்தக் கொமருப் புள்ள ரெண்டையும் இப்ப எப்பிடிக் கரையேத்துற?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கவில்லை.

போட்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. பூட்டிய முன்சில்லைத் திரும்பக் கழற்றினார்கள். பெற்றோல் நனைத்த துணி, பாத்திரம் கழுவும் திரவம், அரத்தாள் எல்லாம் வந்தன. கணவர் முன்சில்லை எடுத்துக்கொண்டார். நான் மகளைக் காக்காவின் பக்கத்தில் இருத்திவிட்டு, அபாயாவைச் சுருட்டிச் சேற்றில் குந்தி, பின்சில்லை அரத்தாளால் தேய்த்தேன். கணவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

தேய்க்கும்போதுதான் கவனித்தேன். கறுப்பு இன்னும் இருந்த இடத்தில் மழைத்துளி தாமரை இலையில் போல உருண்டது. தேய்த்துச் சுத்தமான இடத்தில் தண்ணீர் பரவி ஒட்டியது. “தண்ணி உருளுற இடத்தப் பாருங்க. அதிலதான் இரிக்கி” என்றேன். அவர் தன் சில்லில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். உருளும் இடங்களைத் தேடித் தேடித் தேய்க்கத் தொடங்கினார். ஐந்து கிழமைக்கு முன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்காமல் விட்டேனா, பார்க்கப் பயந்து விட்டேனா? இன்னொரு கேள்வியும் அப்போது வந்தது. இவர் மழையில் ஓடக்கூடாது என்று உள்ளுக்குள் விரும்பித்தான் அன்று அவ்வளவு கவனமாகப் பல்துலக்கியால் பூசினேனா? இல்லை. வீடு அழகாக இருக்கத்தான் பூசினேன். ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை.

ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். சில்லுகளைப் பூட்டியாயிற்று. கணவர் கையுறை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“டீச்சர், சொல்லுங்க. ஓடலாமா?”

கோபமாகக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். போகவேண்டாம் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு ஒருநாளும் கிடைக்காது. இரண்டு டயரையும் இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன்.

“நடுவில தண்ணி ஒட்டுது. ஓரத்தில, வெட்டுக்குள்ள, இன்னும் சில இடத்தில உருளுது. அதுக்கு மேல எனக்குத் தெரியா.”

அவர் தலையாட்டினார். நேரே போகும்போது நிலத்தில் படுவது டயரின் நடுப்பகுதி. சாய்ந்தால்தான் ஓரம் படும். “அப்ப சாய்க்காம ஓடுறன். முந்த மாட்டன்” என்றார். மகளின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

பதினொரு பேர் புறப்பட்டார்கள். அவர் வேண்டுமென்றே கடைசியில் போனார். மற்றவர்கள் வளைவில் சாய்ந்து திரும்ப, அவர் நேராக நிமிர்ந்து, நெல்லுமூட்டை ஏற்றிய சைக்கிளைக் கொண்டு போகிறவர் போலப் பெரிதாகச் சுற்றித் திரும்பினார். தூரத்திலேயே பிறேக் பிடித்தார். வெள்ளைக் கோடு பூசிய ஓரங்களைத் தொடவில்லை. மழையில் பெயின்ட்தான் முதலில் வழுக்கும் என்று காக்கா எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சுற்றுகளை எண்ணினேன். ஒவ்வொரு சுற்றிலும் கரும்புப் பக்கமிருந்த வளைவில் அவர் மறைந்து, தண்ணீர்ப் புகைக்குள்ளிருந்து வெளியே வரும் வரைக்கும் ஒரு ஸலவாத்து ஓதினேன்.

ஆறாவது சுற்றில் அவர் அந்த வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சில்லு அவரை விட்டுப் பக்கவாட்டில் போனது. மீன்வால் அடிப்பதுபோல ஒரு அடி. ஒரு கால் நிலத்தைத் தொட்டது. நான் மகளின் முகத்தை என் நெஞ்சில் பொத்திக்கொண்டேன். வண்டி இன்னொரு பக்கம் அசைந்தது, பிறகு நேரானது. அவர் தொடர்ந்து போனார். மீதி நான்கு சுற்றையும் நான் எப்படிப் பார்த்தேன் என்று நினைவில்லை. காக்கா என்னிடமிருந்து பிள்ளையை வாங்கினார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று அவள் அழுதாளாம்.

ஒன்பதாவதாக வந்தார். அவருக்குப் பின்னால் இருந்த இருவரும் விழுந்தவர்கள். ஒருவருக்குத் தோள்பட்டை. மற்றவர் எழும்பி நடந்தார்.

“அந்த வளைவில எல்லாருந்தான் வழுக்கினாங்க தங்கச்சி. கறுப்புப் பூசாதவனுந்தான் விழுந்தான்” என்று காக்கா சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனால் விழுந்தவரின் டயரில் பழி சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டும்தான். எங்கள் டயர் அந்த இடத்தில் ஏன் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியெல்லாம் மழை. அவர் தெருவையே பார்த்தபடி வேன் ஓட்டினார். வட்டைகளில் தண்ணீர் ஏறி நின்றது. வீட்டு வாசலில் வாப்பா குடையோடு நின்று, “அல்ஹம்துலில்லாஹ், என்ன மழை! நம்மட துஆவ அல்லாஹ் ஏத்துக்கிட்டான்” என்றார். நான் உள்ளே போய் அழுதேன். கணவர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். “பூசினது பெரிய காரியமில்ல புள்ள. தெரியாமப் பூசிட்ட. தெரிஞ்ச பொறகு வெச்சிக்கிட்டு இரிந்தியே, அதுதான் எனக்கு…” என்று முடிக்காமல் விட்டார். முடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

தங்கையின் கல்யாணம் நடந்துவிட்டது. அந்த மழை டயர்களை அவர் மாற்றவில்லை. யூரியாப் பையில்லாமல், தூசியோடு, நடைவழியிலேயே நிற்கின்றன. வேனுக்குப் பூசும் கறுப்புப் போத்தல் குசினியில் இல்லை, வாப்பா அதை வேனுக்குள் வைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் தடத்துக்கென்று இல்லை, காரியாலயத்துக்குப் போகும்போதும் வண்டியில் ஏறி இருந்துகொண்டு, “என்னட்டச் சொல்ல ஏதும் இரிக்கா?” என்று கேட்கிறார். பாதி பகிடி, சிரித்தபடிதான் கேட்பார். மறு பாதி என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் கேட்டதும் நான் காலையிலிருந்து செய்த எல்லாவற்றையும் மனத்தில் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இராது.

நேற்றும் கேட்டார். சரியான தூறல். சொல்லலாமா, இதையெல்லாமா சொல்வது, நேரம் போய்விட்டதே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, சுபஹுத் தொழுகைக்குப் பின் மகள் செயின் எண்ணெய்ப் போத்தலை வண்டிப் பக்கம் கவிழ்த்துவிட்டாள், நான் துடைத்தேன், பின்சில்லில் பட்டதா என்று பார்க்கவில்லை என்றேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். ஹெல்மட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, ஈர நிலத்தில் குந்தி, பின்சில்லை மெதுவாகக் கையால் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். நான் உள்ளே போய் ஒரு குவளை தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன்.